மன்றத்தில் எதிர்க்குரல் இல்லையா? வார்டில் இருக்கட்டும்!

வெள்ளகோவிலில் இந்த 2025-ல் நடந்த வார்டு செயலாளர்கள், பூத் முகவர்கள் கூட்டத்தில் நம் மாவட்டப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். நேரம் ஒதுக்கி முழுசா படிங்க. உங்க வார்டு வாட்ஸ்ஆப் குழுவுல பகிருங்க.

மேடையில இருக்கிற பெரியவங்களுக்கும், தறியை நிறுத்திட்டு வந்திருக்கிற தம்பிகளுக்கும், தோட்டத்து வேலையை முடிச்சுப்போட்டு வந்திருக்கிற அண்ணமாருக்கும், முன்வரிசையில இடம் புடிச்சு உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கமுங்க.

இன்னைக்கு யாரையும் திட்டறதுக்கு நான் வரலைங்க. திட்டுனா கைதட்டல் கிடைக்கும், வீடியோ நல்லா ஓடும். ஆனா நாளைக்குக் காலையில உங்க தெருச் சாக்கடை அப்படியேதான் நிக்கும். அதனால இன்னைக்குக் கணக்குப் பேசலாம். கணக்கு நம்மூர்க்காரங்களுக்குப் புதுசில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல தேங்காய்ப் பருப்பு ஏலம் நடந்தா, கிலோவுக்கு ஒரு ரூபா குறைஞ்சாலும் ஏன்னு கேக்கற ஊருங்க இது. ஓட்டுக் கணக்கையும் அதே மாதிரிதான் கேக்கணும்.

முதல் கணக்கு கோயம்புத்தூருங்க.

2021 மே மாசம் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்துச்சு. மாநிலத்துல ஆட்சி மாறுச்சு. ஆனா கோவை மாவட்டத்துல இருக்கிற 10 தொகுதியும் அதிமுக கூட்டணிக்குப் போச்சு. திமுக கூட்டணிக்கு ஒண்ணுகூடக் கிடைக்கலை. கொங்கு மண்டலம் அவங்க கோட்டைன்னு எல்லா டிவியிலயும் பேசுனாங்க.

பத்து மாசம்கூட ஆகலைங்க. 2022 பிப்ரவரி 19-ம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். 22-ம் தேதி எண்ணுனாங்க. கோவை மாநகராட்சியில 100 வார்டு. திமுக கூட்டணிக்கு 96. அதிமுகவுக்கு 3. எஸ்டிபிஐக்கு 1.

மாவட்டம் வேற, மாநகராட்சி எல்லை வேற. அது எனக்கும் தெரியும். அதுக்காக பத்துக்குப் பூஜ்யத்துல இருந்து நூத்துக்குத் தொண்ணூத்தாறா? அந்த ஊரு ஜனங்க மனசு பத்து மாசத்துல இப்படித் தலைகீழா மாறிப் போச்சா? யோசிச்சுப் பாருங்க.

ஜெயிச்சவங்க உழைக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். வீடு வீடா ஏறி இறங்குனாங்க. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் விட்டாங்க, அதுக்கு ஓட்டு விழுந்துச்சு. அதெல்லாம் நியாயமாச் சம்பாதிச்ச ஓட்டு. ஆனா அது மட்டுமே 96 ஆகாதுங்க. மிச்சத்துக்குக் காரணம் வேற இருக்குது.

இன்னொரு வருஷத்தைப் பாருங்க. 2011 அக்டோபர். அப்ப தமிழ்நாட்டுல மாநகராட்சி 10-தான். பத்துலயும் மேயர் அதிமுக. அப்ப மாநிலத்துல ஆட்சி யாரு? அதிமுக. 2022-ல மாநகராட்சி 21 ஆச்சு. இருபத்தொண்ணும் திமுக கூட்டணி. அப்ப ஆட்சி யாரு? திமுக. நிறம்தான் மாறுச்சு, கணக்கு மாறலை. கோட்டையில யாரு இருக்காங்களோ, நகராட்சியிலயும் அவங்கதான்னு ஒரு பழக்கம் ஆயிப்போச்சு.

ஏன் இப்படி ஆகுது? நாலு காரணம் சொல்றேன்.

முதல் காரணம், நம்ம ஜனங்க போடற மனக்கணக்கு. "ஆளுங்கட்சிக் கவுன்சிலர் வந்தாத்தானுங்க ரோடு வரும், தண்ணி வரும்." டீக்கடையில நீங்க தினமும் கேக்கறதுதான். அந்த மனுசரைக் குத்தம் சொல்லாதீங்க. அவருக்கு ரோடு வேணும். அவரு கட்சிக்கு ஓட்டுப் போடலை, ரோட்டுக்கு ஓட்டுப் போடறாரு. இதுக்குப் பதில் பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது காரணம், ஓட்டு எண்ற முறை. ஒரு வார்டுல 1,000 ஓட்டுப் பதிவாச்சுன்னு வெச்சுக்குங்க. அஞ்சு பேரு நிக்கறாங்க. ஒருத்தருக்கு 400. மத்தவங்களுக்கு 280, 150, 100, 70. ஜெயிச்சவரு 400 வாங்குனவரு. வேணாம்னு சொன்னவங்க 600 பேரு. நம்ம நகராட்சியில 21 வார்டு. இருபத்தொண்ணுலயும் இதே மாதிரி நடந்தா, நூத்துக்கு நாப்பது ஓட்டு வாங்குனவங்களுக்கு நூத்துக்கு நூறு நாற்காலி. மீதி அறுவது பேருக்கு மன்றத்துல பேச ஒரு வாய்கூட இருக்காது. 2022-ல எதிர்ப்பக்கத்துப் பெரிய கட்சிக தனித்தனியாத்தான் நின்னுச்சு. அதிமுக தனி, பாஜக தனி, பாமக தனி, தேமுதிக தனி. ஓட்டுச் சிதறுனா இதுதான் பலன்.

மூணாவது காரணம், தலைவர் தேர்தல். 1996-லயும் 2001-லயும் மேயர், நகராட்சித் தலைவர்களை நாமளே நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். 2006-ல கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிற மாதிரி மாத்துனாங்க. 2011-ல மறுபடி நேரடி. அப்புறம் 2016-ல மறைமுகம், 2018-ல நேரடி, 2019-ல திரும்ப மறைமுகம். ஆட்சியில இருக்கிறவங்களுக்கு எது வசதியோ அதுன்னு ஆயிப்போச்சு. ரெண்டு பெரிய கட்சிகளும் இதைப் பண்ணியிருக்காங்க. நம்ம ஊரு 21 வார்டுல 11 பேரு கை தூக்குனாப் போதும், சேர்மன் வந்துரலாம். உங்க ஓட்டு அந்த நாற்காலிக்கு நேராப் போறதே இல்லைங்க.

நாலாவது காரணம், நடுவுல விட்டுப்போன வருஷங்க. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தல். அறிவிப்பு வந்துச்சு, வேட்பு மனுவும் வாங்குனாங்க, சென்னை உயர் நீதிமன்றம் ரத்துப் பண்ணுச்சு. அதுக்கப்புறம் நகராட்சிகளுக்கு 2022 வரைக்கும் தேர்தலே இல்லை. அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. அரசியல் சட்டம் என்ன சொல்லுது? ஒரு நகராட்சியோட ஆயுள் 5 வருஷம், அது முடியறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை முடிச்சிரணும். 2006-ல அகமதாபாத் மாநகராட்சி வழக்குல உச்ச நீதிமன்றமே இதை அழுத்திச் சொல்லியிருக்குது. அப்படியும் இங்க நடக்கலை. கவுன்சிலரே இல்லாத ஊருல எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எங்கிருந்து உருவாவாரு? புதுசா ஒரு தம்பி வார்டு வேலை பாத்துப் பேரு எடுக்கறதுக்கு எடமே இல்லாமப் போச்சு. அந்த நேரத்துல தாக்குப் புடிச்சது காசும் ஆளும் இருக்கிற பெரிய கட்சிகதான்.

நம்ம சுத்துப்பட்டு ஊராட்சிகளைப் பாருங்க. திருப்பூர் மாவட்டத்துல ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பர்ல நடந்துச்சு. பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சுது. இப்ப மறுபடி தனி அலுவலர். ஊருக்குப் போர் ஓடலைன்னா யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம ஜனங்க நிக்கறாங்க. நகராட்சிக்கு 2027 மார்ச்சோட முடியுது. அதே கதை இங்கயும் வராம பாத்துக்க வேண்டியது நம்ம வேலை.

சரி, எல்லா நாற்காலியும் ஒரே பக்கம் போனா என்னங்க தப்பு? வேலை சுருக்கா நடக்குமேன்னு சில பேரு கேக்கறாங்க. நல்ல கேள்வி. பதிலை நடந்ததை வெச்சே பாக்கலாம்.

2022 பிப்ரவரி 22 முடிவு. மார்ச் 4 மேயர், சேர்மன் தேர்தல். ஏப்ரல் தொடக்கத்துல சொத்து வரி உயர்வு அறிவிப்பு. குடியிருப்புக்கு 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம். 601-ல இருந்து 1,200 வரைக்கும் 50. 1,201-ல இருந்து 1,800 வரைக்கும் 75. அதுக்கு மேல 100 சதவீதம். 15-வது நிதிக்குழு மானியம் வாங்கணும்னா வரியைச் சீரமைக்கணும்னு நிபந்தனை, பல வருஷமா உயர்த்தலைன்னு அரசு காரணம் சொல்லுச்சு. அந்தக் காரணத்துல உண்மை இருக்குது, நான் மறைக்கலை. நகராட்சிக்குக் காசு வேணும்.

ஆனா அந்தத் தீர்மானம் மன்றத்துக்கு வந்தப்ப என்ன நடந்திருக்கணும்? எங்க ஊருல தறிக்கூடம் நஷ்டத்துல ஓடுது, இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் பாதின்னு வாங்குங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கணும். ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் நடுவுல இன்னும் வித்தியாசம் வையுங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கணும். ஆளுங்கட்சிக் கவுன்சிலருக்கும் அந்த நெனப்பு இருந்திருக்கும். அவரும் வரி கட்டறவருதான். ஆனா அவரு கட்சி அரசு கொண்டுவந்த உயர்வை அவரே எந்திரிச்சு எதிர்க்க முடியுமா? முடியாதுங்க. அவரு கெட்டவரு இல்லை, கட்டுப்பட்டவரு. அவருக்குப் பதிலாக் கேக்கறதுக்குத்தான் எதிர்வரிசையில ஆளு வேணும்.

அடுத்ததா நெல்லையைப் பாருங்க. மாநகராட்சியில 55 வார்டு. திமுக கூட்டணிக்கு 51, அதிமுகவுக்கு 4. எதிர்ப்பே இல்லாத மன்றம். அமைதியா நடந்துச்சா? 2024 ஜூலையில நெல்லை மேயரும் கோவை மேயரும் ராஜினாமா பண்ணாங்க. ஆகஸ்ட்ல நெல்லையில புது மேயர் தேர்தல். கட்சி அறிவிச்ச வேட்பாளருக்கு 30 ஓட்டு. அதே கட்சியில இருந்து எதிர்த்து நின்னவருக்கு 23 ஓட்டு. பாத்தீங்களா? எதிர்க்கட்சி இல்லைன்னா சண்டை இல்லாமப் போகாது. சண்டை வீட்டுக்குள்ள வரும். எதிர்க்கட்சி கேட்டா சாக்கடைக்குக் கேக்கும், குப்பை வண்டிக்குக் கேக்கும். வீட்டுக்குள்ள சண்டை வந்தா நாற்காலிக்கு மட்டும்தான் வரும்.

இது எந்த அளவுக்குப் போகும்னு தெரியணும்னா மேற்கு வங்கத்தைப் பாருங்க. 2018 ஊராட்சித் தேர்தல்ல மூணுல ஒரு பங்குக்கு மேல, சுமார் 34 சதவீத எடத்துல போட்டியே இல்லாம முடிவாச்சு. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நம்ம மாநிலம் அந்த நிலைமையில இல்லைங்க, அதுக்குச் சந்தோசப்படலாம். 2022-ல தமிழ்நாட்டு நகர்ப்புறத்துல மொத்தம் 12,838 வார்டு. போட்டியில்லாம வந்தவங்க 218 பேரு. அதுல 196 பேரூராட்சி வார்டு. எண்ணிக்கை சின்னதுதான். ஆனா அந்த 218 வார்டுலயும் ஒரு ஓட்டர்கூட ஓட்டுச்சாவடிப் பக்கம் போகாம முடிவு வந்துருச்சு. அந்தப் பட்டியல்ல அடுத்த தடவை நம்ம ஊரு வார்டு ஒண்ணுகூட வரக்கூடாது. எதிர்த்து நிக்க ஆளில்லைன்னு ஒரு வார்டைக்கூட விட்டுத் தரக்கூடாது.

தறி ஓட்டறவங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவு எத்தனை நல்லா இருந்தாலும் ஊடை குறுக்க ஓடுனாத்தான் துணி. நீளவாக்குல மட்டும் நூலை இழுத்துக் கட்டி வெச்சுட்டு அதைத் துணின்னு விக்க முடியாது. மன்றமும் அப்படித்தான். குறுக்க ஒரு கேள்வி ஓடணும்.

இப்ப அந்த டீக்கடைக் கேள்விக்கு வர்றேன். "ஆளுங்கட்சி இல்லைன்னா ரோடு வராதே!"

நகராட்சிக்கு வர்ற காசு எங்கிருந்து வருதுன்னு ஜனங்களுக்கு நீங்க சொல்லணும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடை வாடகை. இது அத்தனையும் உங்க பாக்கெட்ல இருந்து போறது. அதுக்கு மேல ஒன்றிய நிதிக்குழு மானியம், மாநில நிதி ஆணையம் வகுத்த பங்கு. இது சட்டப்படி வர்றது. யாரும் தர்மத்துக்குத் தர்றதில்லை. சில சிறப்புத் திட்டங்களுக்குச் சென்னை வரைக்கும் போய்க் கேக்க வேண்டியிருக்கும், அங்க ஆளுங்கட்சிக்காரருக்கு வழி சுலபம். அது உண்மைதான். ஆனா தெருவிளக்குக்கும் சாக்கடை அள்றதுக்கும் யாரு சிபாரிசும் வேண்டியதில்லை. கவுன்சிலருக்கு மாசம் 5,000 ரூபா மதிப்பூதியம் 2023 ஜூலையில இருந்து கொடுக்கறாங்க. அதுவும் பொதுப்பணம். ஓட்டுப் போடாத வீட்டுக்கும் அவரு கவுன்சிலர்தான். இதை நீங்க ஒவ்வொரு வாசல்லயும் சொல்லணும்.

நம்ம ஊரு பிஏபி பாசனத்துல கடைமடை. திருமூர்த்தி அணையில தண்ணி திறந்தா, நம்ம வெள்ளகோவில் கிளை வாய்க்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ள என்ன பாடு படுதுன்னு இங்க இருக்கிற விவசாயிகளுக்குத் தெரியும். கடைமடைக்காரன் என்ன பண்றான்? அணைக்குப் பக்கத்துல இருக்கிறவங்க மனசு இரங்கிக் குடுப்பாங்கன்னு வீட்டுல உக்காந்திருக்கானா? சங்கம் வெச்சான். வாய்க்கால் மேல நடந்தான். எத்தனை அடி தண்ணி வருதுன்னு அளவு பாத்தான். எழுதி வெச்சான். கோர்ட்டுக்கும் போனான், ரோட்டுலயும் உக்காந்தான். அளந்து பாக்கறவன் இருந்தாத்தான் கடைமடைக்குத் தண்ணி. அதிகாரமும் அதே மாதிரிதானுங்க. மேல ஒரே கட்சி மொத்தமா வெச்சிருந்தாலும், கீழ அளந்து பாக்க ஆளு இருந்தா வார்டுக்கு வந்துதான் ஆகணும்.

அந்த அளக்கற வேலையைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட ஒப்படைக்க வந்திருக்கேன். அஞ்சு வேலை. எழுதிக்குங்க.

ஒண்ணு. பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்குப் பகுதி சபையும் வார்டு குழுவும் உண்டு. 2022-ல விதிமுறை வந்துச்சு. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்துல கூட்டமும் நடத்துனாங்க. கவுன்சிலருதான் தலைவர். அந்தப் பகுதி ஓட்டர் யாரு வேணும்னாலும் போயி உக்காந்து குறையைச் சொல்லலாம். நம்மாளுக எத்தனை பேரு போறாங்க? முகநூல்ல ஒரு பதிவுக்கு நூறு கமெண்ட் விழுகுது. பகுதி சபையில பத்துப் பேரு உக்காந்தாலே கவுன்சிலரும் அதிகாரியும் பதில் சொல்லித்தான் ஆகணும். இனிமே ஒவ்வொரு வார்டு செயலாளரும் கூட்டம் எப்பன்னு நகராட்சியில கேட்டு, குறைஞ்சது பத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டுப் போகணும். கட்சித் துண்டு போட்டுட்டுப் போகாதீங்க. வரி ரசீதைக் கையில வெச்சுக்கிட்டுப் போங்க. கூட்டமே நடத்தலைன்னா, ஏன் நடத்தலைன்னு எழுதிக் கேளுங்க.

ரெண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-ல வந்தது. 10 ரூபா கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளைக்குள்ள பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீடு. ஒவ்வொரு வார்டுக்கும் மூணே கேள்வி. போன வருஷம் எங்க வார்டு சம்பந்தமா மன்றம் நிறைவேத்துன தீர்மானங்க என்னென்ன? ஒவ்வொரு வேலைக்கும் டெண்டர் தொகை எவ்வளவு, யாரு எடுத்தாங்க, எப்ப முடிக்கணும்? தெருவிளக்கு, குடிநீர்ப் புகார் எத்தனை வந்துச்சு, எத்தனை சரியாச்சு? பதில் வந்ததும் அதைப் படம் புடிச்சுப் போடுங்க. நம்ம கருத்து எதுவும் சேக்க வேண்டாம். காகிதமே பேசும். நல்லா செஞ்சிருந்தா நல்லா செஞ்சிருக்காங்கன்னே போடுங்க. அப்பத்தான் நாளைக்கு நாம குறை சொன்னா ஜனங்க நம்புவாங்க.

மூணு. ஓட்டர் பட்டியல். 2022-ல மாநிலம் முழுக்க நகர்ப்புற ஓட்டுப்பதிவு 60.70 சதவீதம். பேரூராட்சியில 74.68, நகராட்சியில 68.22, மாநகராட்சியில 52.22. நம்ம மாதிரி நகராட்சியில மூணுல ஒருத்தர் வரலை. வராத அந்த ஒருத்தர் யாரு? திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவரா, ஈரோட்டுல படிக்கிற பொண்ணா, "யாரு வந்தா நமக்கென்ன"ன்னு சலிச்சுப்போன பெரியவரா? பூத் முகவர்கிட்ட அந்தப் பேருக இருக்கணும். இறந்தவங்க பேரு நீக்கியாச்சா, குடிமாறிப் போனவங்க, 18 வயசு ஆனவங்க சேந்தாச்சான்னு வீடு வீடாப் பாருங்க. வார்டுத் தேர்தல்ல முப்பது ஓட்டு, நாப்பது ஓட்டுல முடிவு மாறும். ஒரு தெரு போதுமுங்க.

நாலு. வேட்பாளர். இதை நான் அழுத்திச் சொல்றேன். நகராட்சி வார்டுல பாதி பெண்களுக்கு. 2016-ல சட்டம் திருத்தி 50 சதவீதம் ஆக்குனாங்க, நகர்ப்புறத்துல 2022-லதான் முதல் தடவையா நடைமுறைக்கு வந்துச்சு. பல ஊருல என்ன பாக்கறோம்? கவுன்சிலர் அக்கா பேரு போர்டுல இருக்கும். போன் எடுக்கறது அவங்க வீட்டுக்காரர். ஆபீசுக்கு வர்றதும் அவரு, அதிகாரிகிட்டப் பேசறதும் அவரு. நம்ம கட்சியில அது வேண்டாமுங்க. மகளிர் குழு நடத்திக் கணக்கு வழக்கு எழுதற அம்மணிக எத்தனை பேரு இங்க உக்காந்திருக்காங்க! பேங்க் மேனேஜர்கிட்ட நேருக்கு நேரா பேசறவங்களுக்கு நகராட்சி ஆணையாளர்கிட்டப் பேச வராதா? அந்த வார்டுகளுக்கு வேட்பாளரை இன்னைக்கே தேட ஆரம்பிங்க. யாருகிட்ட எவ்வளவு காசு இருக்குன்னு பாக்க வேண்டாம். அவங்க தெருவுல ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிரச்சனைன்னா ஜனங்க யாரு வீட்டுக் கதவைத் தட்டறாங்கன்னு பாருங்க. அவங்கதான் வேட்பாளர்.

அஞ்சு. கட்சி மாறமாட்டேன்கிற உறுதிமொழி. எம்.எல்.ஏ., எம்.பி. கட்சி மாறுனா பதவி போகும். அரசியல் சட்டத்தோட பத்தாவது அட்டவணை அதுக்குத்தான். அது சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மட்டும்தான். கவுன்சிலருக்கு அது பொருந்தாது. கேரளாவுல 1999-லயே உள்ளாட்சிக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. அங்க கவுன்சிலர் கட்சி தாவுனா பதவியும் போகும், 6 வருஷம் தேர்தல்ல நிக்கவும் முடியாது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேணும்னு நம்ம கட்சி கேக்கணும். சட்டம் வர்ற வரைக்கும் என்ன பண்றது? நம்ம வேட்பாளர் ஒவ்வொருத்தரும் அவங்க வார்டு ஜனங்க முன்னாடி நின்னு சொல்லணும்: "ஜெயிச்சு ஒரு மாசத்துல வேற துண்டு போட்டுட்டு வந்து நிக்க மாட்டேன். அப்படிப் போகணும்னா ராஜினாமா பண்ணிட்டுப் போவேன்." ஊரறியச் சொன்ன சொல்லுக்கு நம்ம பக்கம் மரியாதை இருக்குதுங்க. பத்திரத்தை விட அது கெட்டி.

கடைசியா ஒண்ணு. இது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். இருந்தாலும் சொல்லணும்.

நாளைக்கு நாமளே ஜெயிச்சு, 21-க்கு 21 நமக்கே வந்துச்சுன்னு வெச்சுக்குங்க. பட்டாசு வெடிப்போம், இனிப்புக் குடுப்போம். அதுக்கப்புறம்? நாம ஒழுங்கா இருப்போம்னு ஜனங்களுக்கு என்ன உத்தரவாதம்? நாமளும் மனுசங்கதான். கேக்க ஆளில்லைன்னா யாரும் சறுக்குவாங்க. அதனால இன்னைக்கே மூணு வாக்குறுதியை நம்ம நகர அமைப்பு எழுதி வெளியிடட்டும்.

மன்றக் கூட்டத்துக்கு முன்னாடியே, என்னென்ன பொருள் வருதுன்னு பட்டியலை ஒவ்வொரு வார்டுலயும் ஒட்டுவோம். நகராட்சியில ஒப்பந்தக் குழு, நியமனக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு இருக்குது. அதுல எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருத்தர் இருந்தாலும் அவருக்கு எடம் குடுப்போம். நாடாளுமன்றத்துல அரசோட செலவுக் கணக்கைப் பாக்கற பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர்ங்கிற மரபு 1967-ல இருந்து இருக்குது. டில்லியில முடியுதுன்னா வெள்ளகோவில்ல முடியாதா? மூணாவதா, எதிர்க்கட்சி ஒருத்தர்கூட வரலைன்னா, பகுதி சபையில ஜனங்க கேட்ட கேள்வியை மன்றத்துல வாசிச்சுப் பதிலைப் பதிவு பண்ணுவோம்.

இதைச் சொன்னா அவங்க சிரிப்பாங்க. "முதல்ல ஜெயிங்க, அப்புறம் பேசலாம்"னு சொல்வாங்க. சிரிக்கட்டுமுங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

இந்தப் பேச்சை முகநூல்ல படிக்கிற சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில இருப்பீங்க, பெங்களூருல இருப்பீங்க, துபாய்ல இருப்பீங்க. நீங்க போடற ஒவ்வொரு லைக்கும் எங்களுக்குத் தெம்பு. ஆனா அடுத்த தடவை ஊருக்குப் போன் பண்றப்ப அப்பா அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "நம்ம வார்டு கவுன்சிலர் பேரு என்ன? பகுதி சபை நடந்துச்சா?" பதில் தெரியலைன்னா, அங்க இருந்தே நம்ம வார்டு செயலாளருக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அவரு வீட்டுக்குப் போயிச் சொல்லுவாரு.

2027-க்கு இன்னும் நாள் இருக்குதுன்னு நெனைக்காதீங்க. ஓட்டு எண்ற அன்னைக்கு 96-ம் 4-ம் முடிவாகறதில்லை. அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல, யாரு தெருவுல இருந்தாங்க, யாரு போன்ல மட்டும் இருந்தாங்கங்கிறதுல முடிவாகுது. மன்றத்துல நமக்கு நாற்காலி இருக்கோ இல்லையோ, வார்டுல நமக்கு வாய் இருக்குது, காலு இருக்குது, பத்து ரூபா மனு இருக்குது. அதை யாரும் எண்ணித் தோக்கடிக்க முடியாது.

அடுத்த பகுதி சபையில பாக்கலாமுங்க.

உங்க வார்டு எண்ணையும், கடைசியாப் பகுதி சபை எப்ப நடந்துச்சுன்னும் கீழ எழுதுங்க. நகர அமைப்பு ஒவ்வொண்ணையும் குறிச்சுக்கும்.

#உள்ளாட்சி_நம்_உரிமை #வெள்ளகோவில் #பகுதிசபைக்குப்_போவோம்